நாய்க்குப் போட்ட ஈரல்

எங்க ஊர்ல ஆடு அறுக்கும்போது ஈரலைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்கள். அதில் நெல்லிக்காய் அளவிலோ எலுமிச்சை அளவிலோ, வெள்ளைத் தோல் போர்த்தித் தண்ணீர் கோத்த கட்டி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் அறுத்து, "இது ஆகாது" என்று தூர வீசிவிடுவார்கள். அது மண்ணில் விழுவதற்குள் ஒரு நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும். மனுசனுக்கு ஆகாதது நாய்க்கு. காலங்காலமா நடக்குறதுதான். உங்க தாத்தா ஊர்லயும் நடந்திருக்கும்.

இந்தச் சின்ன வீச்சைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இதைப் பற்றி யோசிக்க வைத்தது எங்கள் தெரு அக்கா ஒருத்தர். ரொம்ப நாளா வலப்பக்க விலாவுக்குக் கீழே கனமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். ஸ்கேன் எடுத்ததில் ஈரலில் பெரிய நீர்க்கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள். அங்கே டாக்டர் கேட்டாராம்: "வீட்டுப் பக்கம் நாய் இருக்கா? ஆடு இருக்கா?" இந்தச் செய்தி ஊருக்குள் வந்து சேரும்போது ஆடு வழியிலேயே உதிர்ந்துபோய் நாய் மட்டும் மிஞ்சியிருந்தது. "நாயாலதான் வந்துச்சாம்ல? எல்லாத்தையும் புடிச்சு வண்டில ஏத்தி எங்கயாச்சும் விட்டுட்டு வந்துருவோம்" என்று டீக்கடையில் பேச்சு.

என்னிடம் மூன்று நாய் இருக்கிறது. ராத்திரி பட்டிக்கு அதுகதான் காவல். அதனால் இந்தப் பேச்சை அப்படியே விட முடியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது என்னை ஐஸ்லாந்து வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

முதலில் அந்தக் கட்டி என்னவென்று பார்த்துவிடுவோம். அதற்குக் காரணம் எக்கினோகாக்கஸ் என்கிற நாடாப்புழு. நாடாப்புழு என்றதும் முழ நீளத்துக்கு நினைக்க வேண்டாம். இது 2 முதல் 7 மில்லிமீட்டர்தான். அரிசிக் குருணை அளவு. நாயின் சிறுகுடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் நாய் இளைக்காது, இருமாது, பார்க்க நல்லாத்தான் இருக்கும். புழுவின் முட்டை நாய் மலத்தோடு புல்லில் விழும். அந்தப் புல்லை மேய்ந்த ஆட்டின் வயிற்றுக்குள் முட்டை பொரிந்து, ஈரலிலும் நுரையீரலிலும் போய் உட்கார்ந்து, நீர்க்கட்டியாக வளரும். அந்தக் கட்டிக்குள் புழுவின் தலைகள் மணல் மாதிரி கிடக்கும். கட்டியை நாய் தின்றால் ஒவ்வொரு தலையும் ஒரு புழு. ஆறேழு வாரத்தில் அதுகளும் முட்டை விட ஆரம்பித்துவிடும்.

மனுசன் இதற்குள் தற்செயலாக மாட்டிக்கொள்பவன். நாயைத் தடவிய கை, கழுவாத கீரை, முட்டை கலந்த தண்ணீர், இப்படி வாய்க்குள் போய்விட்டால் ஆட்டுக்கு வருகிற அதே கட்டி நமக்கும் வரும். வருசக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். உடம்புக்குள் உடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கட்டி இருந்த ஆட்டின் கறியைச் சாப்பிடுவதால் நமக்குக் கட்டி வராது. நாய் வயிற்றைச் சுற்றி வந்தால்தான் வரும்.

இப்போது ஐஸ்லாந்து. வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் தீவு. 1860இல் அங்கே மொத்தமே சுமார் 67,000 பேர்தான். பயிர் பெரிதாக விளையாத குளிர். புல்லும் செம்மறியும் மீனும்தான் பிழைப்பு. வேலி கிடையாது. கோடையில் ஆடுகளை மலையில் விட்டுவிட்டு, குளிர் தொடங்குமுன் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லோருமாகப் போய் நாய்களை வைத்துத் திரட்டி ஓட்டி வருவார்கள். நாய் இல்லாமல் பண்ணை இல்லை. நாலைந்து பேருக்கு ஒரு நாய் என்கிற கணக்கில் அந்தத் தீவு முழுக்க நாய்கள்.

வீடு என்பது மண்ணும் புற்கட்டியும் வைத்து எழுப்பிய தாழ்வான கூடம். குளிருக்குப் பயந்து எல்லோரும் ஒரே அறையில் படுப்பார்கள், நாயும் அங்கேதான். ஆளுக்கொரு மூடி போட்ட மரக்கிண்ணம் இருக்கும், அதற்கு அஸ்கூர் என்று பேர். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தைத் தரையில் வைத்தால் நாய் நக்கிச் சுத்தம் செய்துவிடும். பண்ணையிலேயே ஆடு அறுப்பார்கள். கட்டி விழுந்த ஈரல் யாருக்கு? நாய்க்குத்தான். பனிக்கடலுக்கு நடுவே இருந்தாலும் கணக்கு நம்ம ஊர்க் கணக்கேதான்.

அங்கே மனிதர்களுக்கு வயிறு வீங்குகிற ஒரு நோய் தலைமுறை தலைமுறையாக இருந்தது. சுல்லாவெய்கி என்று அவர்கள் மொழியில் சொல்வார்கள். அப்போது ஐஸ்லாந்து டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. 1847-48இல் ஷ்லைஸ்னர் என்கிற டேனிஷ் மருத்துவர் அங்கே போய் மக்களின் உடல்நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். ஏழு பேருக்கு ஒருவருக்கு இந்தக் கட்டி இருக்கும் என்று அன்றைய மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அது கொஞ்சம் கூடுதல் என்றார்கள். கூடுதலே என்றாலும், அவ்வளவு சின்ன நாட்டில் அது பெரிய சுமை.

இது எப்படி வருகிறது என்று அப்போது தெரியாது. 1850களின் தொடக்கத்தில்தான் ஜெர்மனியில் ஃபான் சீபோல்ட் என்பவர் செம்மறியின் கட்டியை நாய்க்குக் கொடுத்து, பிறகு அந்த நாயின் குடலில் குட்டிக் குட்டி நாடாப்புழுக்களைக் காட்டினார். ஆட்டின் கட்டியும் நாயின் புழுவும் ஒரே உயிரின் இரண்டு வயசு என்பது அப்படித்தான் உறுதியானது.

1863இல் ஹரால்ட் கிராபே என்கிற டேனிஷ் ஆராய்ச்சியாளர் ஐஸ்லாந்துக்குப் போனார். வயசு முப்பத்திச் சொச்சம். அவர் செய்தது எளிமையான வேலை, ஆனால் அசிங்கமான வேலை. 100 நாய்களின் குடலை அறுத்துப் பார்த்து, என்னென்ன புழு இருக்கிறது என்று எண்ணினார். 28 நாய்களில் எக்கினோகாக்கஸ் இருந்தது. டென்மார்க்கில் அவர் அறுத்துப் பார்த்த நாய்களில் அது அபூர்வம். இங்கே நாலில் ஒன்றுக்கு மேல். வேறு வகை நாடாப்புழுக்களும் ஏராளம். ஆட்டின் மூளைக்குப் போய், அது சுற்றிச் சுற்றி வந்து விழுந்து சாகும்படி செய்கிற புழுவும் அதில் ஒன்று. ஐரோப்பிய நகரத்து நாய்க்கும் தீவின் பண்ணை நாய்க்கும் வித்தியாசம் ரத்தத்தில் இல்லை. தீவு நாய்க்கு ஆட்டின் பச்சைக் கழிவு தாராளமாகக் கிடைத்தது. அவ்வளவுதான்.

கிராபே ஊருக்குத் திரும்பி, ஐஸ்லாந்து மக்களுக்காகவே ஒரு சிறு புத்தகம் எழுதினார். அது அவர்கள் மொழியில் 1864இல் அச்சாகி, வீடு வீடாக இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தீவு மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட குளிர்கால இரவுகளில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கம்பளி நூற்பார்கள், பின்னுவார்கள். ஒருவர் மட்டும் விளக்கடியில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். ஏழைப் பண்ணையிலும் வாசிக்கத் தெரிந்தவர் இருந்தார். அப்படிப்பட்ட வீடுகளுக்குள் அந்தப் புத்தகம் போனது. அதன் சாரம் இதுதான்: கட்டி விழுந்த ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடாதே, புதை அல்லது எரி. நாய்க்குப் புழு மருந்து கொடு. தேவைக்கு மேல் நாய் வளர்க்காதே. நாய் நக்கிய பாத்திரத்தில் சாப்பிடாதே.

'நாயைக் கொல்' என்பது அதன் சாரம் இல்லை. கொன்றால் ஆட்டை யார் ஓட்டி வருவது?

1869இல் சட்டம் வந்தது. தேவைக்கு மேல் வைத்திருக்கும் நாய்க்கு வரி. கட்டிகளை நாய்க்கு எட்டாமல் அழிக்க வேண்டும். 1890இல் இன்னும் இறுக்கமான சட்டம் வந்து, வட்டாரந்தோறும் நாய்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை புழு நீக்குவதைக் கட்டாயமாக்கியது. அந்த வேலைக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். நாய்களை ஒரு கொட்டகையில் அடைத்துப் பட்டினி போட்டு, மருந்து கொடுத்து, வயிறு சுத்தமாகும்வரை வைத்திருந்து அனுப்புவார்கள்.

பலன் தெரிய ஒரு தலைமுறை ஆயிற்று. பின்னாளில் நீல்ஸ் டுங்கல் என்கிற ஐஸ்லாந்து நோயியல் மருத்துவர் பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார். 1860, 70களில் பிறந்த கிழவர் கிழவிகளின் உடம்பில் அந்தக் கட்டி சாதாரணமாகக் கிடைத்தது. 1900க்குப் பிறகு பிறந்தவர்களிடம் அநேகமாக இல்லை. பிறந்த வருசத்தை வைத்தே கோடு போட்டுவிடலாம் போலத் தெளிவாக இருந்தது. ஆடுகளில் கடைசியாக 1979இல் கண்டார்கள்.

சட்டத்தாலும் புத்தகத்தாலும் மட்டுமே இது நடந்துவிட்டது என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. விவசாயம் மாறியதும் ஒரு காரணம். பழைய நாளில் ஆடுகளை வருசக்கணக்கில் வளர்த்து, முற்றிய பிறகுதான் அறுப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வியாபாரம் மாறி, பிறந்து நாலைந்து மாதமான குட்டிகளையே அறுக்கும் வழக்கம் வந்தது. நாலு மாதக் குட்டியின் ஈரலில் கட்டி இருந்தாலும், அதற்குள் புழுத்தலைகள் உருவாக நேரம் போதாது. அதைத் தின்ற நாய்க்குப் புழு வராது. பிறகு பொது அறுப்புக்கூடங்கள் வந்து, பண்ணை முற்றத்தில் அறுப்பது குறைந்தது. ஆக நாலு பக்கமும் கயிறு இறுகியது. நாய்க்கு அந்த ஈரல் கிடைக்காமல் போனது.

தலைநகர் ரெய்க்யவிக்கில் 1924இல் நாய் வளர்க்கவே தடை போட்டார்கள். அந்தத் தடை அறுபது வருசம் நின்றது. எங்க ஊர் டீக்கடையில் கேட்டால், "பாத்தியா, நாயை விரட்டித்தான் ஜெயிச்சிருக்கான்" என்பார்கள். வருசத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். தடை வந்தது 1924. நோய் அதற்கு முன்பே, 1900ஐ ஒட்டியே விழுந்துவிட்டது. தடை நகரத்துக்குத்தான்; பண்ணைகளில் நாய்கள் கடைசிவரை இருந்தன. நாய் இருந்த இடத்திலேயே புழு ஒழிந்தது.

இதே கதை நியூசிலாந்தில் வேறு விதமாக நடந்தது. அங்கே நமக்கு ஒரு சொந்தம்கூட உண்டு. அதுவும் செம்மறி நாடு. டனீடின் ஊரில் லூயிஸ் பார்னெட் என்கிற அறுவைச் சிகிச்சை மருத்துவர், விவசாயிகளின் வயிற்றிலிருந்து இந்தக் கட்டிகளை எடுத்து எடுத்துச் சலித்துப்போய், இதைத் தடுக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசினார். 1930களின் கடைசியிலிருந்து நாய் வைத்திருப்பவர்களுக்கு அரிகோலின் மாத்திரை கொடுத்தார்கள். அரிகோலின் எது தெரியுமா? நம்ம கொட்டைப்பாக்கில் இருக்கிற சத்து. வெற்றிலை போடும்போது முதல் பாக்கில் தலை கிறுகிறுக்குமே, அதேதான். நாய்க்குக் கொடுத்தால் வயிற்றைக் கலக்கிப் புழுவோடு வெளியே தள்ளிவிடும்.

ஆனால் மாத்திரையைக் கையில் கொடுத்து, "நீங்களே போட்டுக்கோங்க" என்று விட்டதில் இருபது வருசமாகியும் நோய் பெரிதாக அசையவில்லை. ஒருவர் மாத்திரை போடுவார், மறுநாளே பண்ணையில் ஆடு அறுத்துப் பச்சை நுரையீரலை அதே நாய்க்கு வீசுவார். அரிகோலின் உள்ளே இருக்கிற புழுவை வெளியேற்றும். நாளைக்குத் தின்னப்போவதைத் தடுக்காது.

1959இல் தனிச் சட்டம் போட்டுத் தேசிய அளவில் ஒரு குழு அமைத்தார்கள். நாய்களை ஓரிடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, வரிசையாகக் கட்டிப்போட்டு, அரிகோலின் கொடுத்து, வெளியே வந்ததை எடுத்துச் சோதித்தார்கள். 'என் நாய்க்கெல்லாம் ஒண்ணும் இருக்காது' என்று நினைத்த விவசாயிக்கு, அவர் நாய் வயிற்றிலிருந்து வந்ததே பதில் சொன்னது. பச்சைக் கழிவு போடுவது குற்றமானது. பின்னாளில் பிராசிகுவான்டல் என்கிற நல்ல மருந்து வந்ததும், புழு முட்டை விடும் முன்பே பிடித்துவிட ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். 2002இல் அந்த நாடு இந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தது. இன்றைக்கும் நியூசிலாந்தில் செம்மறிக்கு நாய்தான் துணை.

இந்த இரண்டு நாட்டுக் கதையிலும் எனக்குப் பிடிபட்டது இதுதான்: நாய் வயிற்றில் என்ன இருக்கிறது என்பது, அதைச் சுற்றி வாழ்கிற மனுசன் என்ன செய்கிறான் என்பதன் கணக்குப் புத்தகம்.

மற்றப் புழுக்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். உருண்டைப்புழு குட்டிக்குத் தாய் வயிற்றிலேயே வந்துவிடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். அதனால்தான் குட்டிகளுக்கு வயிறு பானை மாதிரி உப்பி, முடி மங்கி இருக்கும். தாய்க்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை என்று அர்த்தம். குழாயடி, மரத்தடி ஈரமண்ணில் மலம் சேர்ந்தால் கொக்கிப்புழுவின் குஞ்சு அங்கே உயிரோடு இருந்து, நடக்கிற காலில் ஏறும், நாய்க்கும் நமக்கும். வால் பக்கம் வெள்ளரி விதை மாதிரி நெளிகிறதே, அந்த நாடாப்புழு தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்குவதால் வருவது. தெள்ளை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமே திரும்ப வரும்.

நம்ம ஊர் ஐஸ்லாந்து இல்லை என்பதும் தெரிகிறது. அது தீவு; அங்கே ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சொந்தக்காரர். இங்கே பாதி நாய்க்கு ஊரே சொந்தம். அங்கே செம்மறி, இங்கே வெள்ளாடு, மாடு, எருமை, பன்றி எல்லாவற்றிலும் இந்தக் கட்டி வரும். இந்தியாவில் இந்த நோய் அதிகம் சொல்லப்படுகிற மாநிலங்களில் தமிழ்நாடும் ஆந்திராவும் இருக்கின்றன. தெருநாய் ஒவ்வொன்றையும் பிடித்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாத்திரை கொடுப்பது நடக்கிற காரியம் இல்லை. இருக்கிற நாயை வண்டியில் ஏற்றிவிட்டால், கழிவு வாசனைக்கு அடுத்த ஊர் நாய் ஒரு வாரத்தில் வந்து நிற்கும். நம் கைக்கு எட்டுவது ஒன்றுதான், அந்த ஈரல்.

இதைத்தான் ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். "ஐஸ்லாந்து கதையெல்லாம் எதுக்குப்பா, நாய் கடிச்சா நீ வந்து ஊசி போடுவியா?" என்று ஒரு பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. கடிக்கு வழி கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும், அது தனி வேலை, அதையும் செய்வோம் என்றேன். கறி போடுகிற அண்ணன்தான் முதலில் ஒத்துக்கொண்டார். "குழி வெட்டிக் குடுங்க, நான் வீசமாட்டேன்" என்றார். கறி போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நாலடி ஆழத்துக்குக் குழி. கட்டி விழுந்ததெல்லாம் அதில். மேலே சுண்ணாம்பு, மண், அதற்கு மேல் நாய் தோண்டாமலிருக்கக் கருவேல முள். நல்ல குடலும் நுரையீரலும் நாய்க்கு வேண்டுமென்றால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்துப் போடலாம். கண்ணுக்குத் தெரியாத கட்டி உள்ளே இருந்தாலும் அதில் செத்துவிடும். வண்டிப் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது.

வீட்டு நாய்களுக்கு மாட்டாஸ்பத்திரியில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். டவுனில் நாய் வளர்ப்பவர்களும் உங்கள் டாக்டரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்: கொடுக்கிற மாத்திரை நாடாப்புழுவுக்கும் சேர்த்தா என்று. எல்லா மாத்திரையும் எல்லாப் புழுவுக்கும் கேட்காது. பச்சைக் கறி, பச்சை ஈரல்தான் நாய்க்கு இயற்கை உணவு என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. வேகவைத்துப் போடுங்கள். நாயோடு விளையாடிய பிள்ளைகள் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

ஆடி மாசம் குலதெய்வம் கும்பிட நிறையப் பேர் காரில் ஊருக்கு வருவீர்கள். கிடா வெட்டிச் சமைப்பீர்கள். சமையல்காரரிடம் உப்பு காரம் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, கழிவுக்கு ஒரு குழி வெட்டிருங்க." அரை மணி நேர வேலை. மண்வெட்டி இல்லையென்றால் எங்க ஊர்ல யார் வீட்டிலும் கேட்கலாம், கொடுப்பார்கள்.